பில்லற் இறைச்சியும் ஒரு பழைய பயமும்

கறிக்கென்று வெட்டிய இறைச்சியையும் பொரிப்பதற்கென்று வெட்டிய இறைச்சியையும் ஒரே சட்டியிலிட்டு, ஒரே அளவு நேரம் வேகவைத்து, ஈற்றில் "இன்றைக்குக் கிடைத்த இறைச்சி சரியில்லை" என்று கடைக்காரர் மேற் பழியைப் போடுவது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். மாட்டிறைச்சியில் இது நடப்பதுண்டு, ஆட்டிறைச்சியிலும் நடப்பதுண்டு. ஆனால், பன்றி இறைச்சியில் நடப்பதுபோல இத்துணை நட்டத்துடன் வேறெதிலும் நடப்பதில்லை. அதிலும் பன்றியின் உடலில் மிக மெல்லிய பாகமாகிய பில்லற் என்னும் துண்டுக்கு நம் குசினிகளில் நேரும் கதி இரங்கத்தக்கது. நத்தாருக்கோ ஒரு பிறந்தநாளுக்கோ என்று கூடிய விலை கொடுத்து வாங்கப்படும் அத்துண்டு, மேசைக்கு வரும்போது தும்புக் கயிற்றை மெல்லுவது போன்ற பதத்தில் வந்து சேருகின்றது. இந்தக் கிழமை அதனைப் பற்றியே எழுத எண்ணுகின்றோம்.

பன்றி இறைச்சியை உண்ணாத வாசகர்கள் மிகப் பலர் உளர் என்பதை நாம் மறக்கவில்லை. சமயத்தால் விலக்கியோரும் வழக்கத்தால் விலக்கியோரும் இந்த ஒரு கிழமை எம்மைப் பொறுத்தருள வேண்டும். எனினும், இறைச்சியில் உப்பு எவ்வாறு சேருகிறது, தசை ஏன் இறுகுகிறது என்று கீழே கூறுவன கோழியின் நெஞ்சுத் தசைக்கும் பெரும்பாலும் பொருந்தும். மரக்கறி மாத்திரம் உண்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் இடையிலே வருகின்றது. ஆதலின் பக்கத்தைப் புரட்டிவிடாதிருக்கும்படி வேண்டுகின்றோம்.

பில்லற் என்பது யாது? முதுகெலும்பின் உட்புறமாக, விலா முடியும் இடத்திலிருந்து இடுப்புவரை, இரு பக்கத்திலும் ஒவ்வொன்றாக நீண்டு கிடக்கும் தசையே அது. ஒரு பன்றியில் இரண்டுதான் உண்டு. ஏறத்தாழ ஓர் அடி நீளம் இருக்கும். ஒரு முனையிற் பருத்து மறுமுனையில் வால்போல ஒடுங்கும். நிறை பெரும்பாலும் 350 கிராம் முதல் 600 கிராம் வரை. முதுகின் மேற்புறத்திலே கொழுப்புப் படையுடன் கிடக்கும் அகன்ற தசை வேறு; இது வேறு. இரண்டும் ஒன்றென்று எண்ணி வாங்கி வருவோர் பலர். பருமனைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும்: பில்லற் ஒரு பெண்பிள்ளையின் முன்கை அளவுக்கு மேற் பருப்பதில்லை.

இத்தசை மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் எளியது. கால்களும் தோளும் உழைப்பதுபோல இது உழைப்பதில்லை. உழைக்கும் தசையில் நார்களைப் பிணைத்து நிறுத்தும் வெண்மையான இழையம் மிகுந்திருக்கும். உழைக்காத தசையில் அது குறைவு. கொழுப்பும் பில்லற்றில் இல்லையென்றே கூறலாம்.

இனி நம் நாட்டுப் பன்றிக் கறியை நினைத்துப் பாருங்கள். கறுக்க வறுத்த கறித்தூள், மிளகு, கறுவா, ஏலம், கராம்பு, றம்பை, இவற்றோடு இரண்டு மூன்று கொறுக்காய்ப்புளித் துண்டு. மண்சட்டியில் மந்தமான நெருப்பில் ஒன்றரை மணி நேரம். நீர்கொழும்புக் கரையிலே நத்தாருக்கு முதல்நாள் மாலை ஒழுங்கைகளில் நடந்து சென்றவர்களுக்கு அந்த வாசனை தெரியும். அக்கறியின் பெருமை முழுவதும் தோட்புறத்து இறைச்சியிலும் வயிற்றுப்புறத்து இறைச்சியிலும் தங்கியுள்ளது. அங்கே நார்களைப் பிணைக்கும் இழையம் நெடுநேரச் சூட்டில் உருகிப் பசையாகி விடுகின்றது. கொழுப்பு இளகிச் சாற்றோடு சேர்கின்றது. கொறுக்காயின் புளிப்பு அக்கொழுப்பின் திகட்டலை அறுக்கின்றது. தமிழருக்கு இது புதிய சுவையுமன்று. குழியில் நிறுத்தி, பெண்பன்றிகளோடு சேரவிடாது, மாவுணவு கொடுத்துக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் இறைச்சி விருந்தினருக்குக் கிடைப்பதைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகின்றது. அங்கும் சிறப்பித்துச் சொல்லப்படுவது கொழுப்பே.

பில்லற்றில் உருகுவதற்கு இழையமும் இல்லை. இளகுவதற்குக் கொழுப்பும் இல்லை. ஒன்றரை மணி நேரம் வேகவைத்தால் அதற்கு நேர்வது ஒன்றே ஒன்றுதான்: தசைநார்கள் சுருங்கித் தம்முள் இருந்த நீரையெல்லாம் வெளியே பிழிந்து விடுகின்றன. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போன்ற செயல் அது. சட்டியிலே சாறு நிறைந்திருக்கும். துண்டிலே ஒன்றும் இராது. எத்துணைச் சரக்குச் சேர்த்தாலும் பிழிந்த துணி ஈரமாகாது. ஆகவே, பில்லற்றைக் கறிக்கு வாங்காதீர்கள் என்பதே எமது முதல் வார்த்தை. கறி வேண்டுமாயின் தோட்புறத்தை வாங்குங்கள். விலையும் குறைவு, ருசியும் மிகுதி.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் நம் தாய்மார் பில்லற்றை அடுப்பினின்றும் நேரத்துக்கு இறக்குவதில்லை. காரணம், அறியாமையன்று, பயம். "மாட்டை அரைவேக்காட்டில் தின்றாலும் தின்னலாம் பிள்ளை, பன்றியை மட்டும் நல்லாய் அவியவிடு" என்பது ஆச்சிமார் கூறிவந்த மொழி. இப்பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. அதற்கொரு வரலாறு உண்டு.

1835ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே ஜேம்ஸ் பாஜெற் என்னும் மருத்துவ மாணவர் ஒரு பிணத்தை அறுத்துப் பயிலும்போது, தசையிலே சுண்ணாம்புத் துகள்போலச் சிறு பொட்டுக்கள் பரவியிருப்பதைக் கண்டார். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது அவை ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணிய புழு சுருண்டு கிடந்தது. ரிறிக்கினெல்லா என்பது இன்று அதன் பெயர். அப்புழுவால் ஆபத்து உண்டென்று உலகம் உணர்ந்தது கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே. 1860ஆம் ஆண்டில் ஜேர்மனியின் திரெஸ்டன் நகரிலே, நெருப்புக் காய்ச்சல் என்று கருதி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட ஒரு வேலைக்காரப் பெண் இறந்தாள். பிரெட்றிக் சென்கர் என்னும் மருத்துவர் சோதித்தபோது அவள் தசையெங்கும் இப்புழுக்கள் நிறைந்திருந்தன. அவள் வேலை செய்த இடத்திலே நத்தாரை ஒட்டி அறுக்கப்பட்ட பன்றியின் இறைச்சியிலும் அவையே காணப்பட்டன. அதன் பின்னரே பன்றி இறைச்சியைச் சோதித்து விற்கும் சட்டங்கள் ஜேர்மனியில் எழுந்தன.

இரண்டாவது பகை நாடாப்புழு. நன்கு வேகாத பன்றி இறைச்சியில் இருக்கும் அதன் குஞ்சுப் பைகளை உண்டால், வயிற்றிலே நாடாப்புழு வளரும். அதனினும் கொடியது வேறொன்று. அப்புழுவின் முட்டைகள் மனித மலத்தின் வழியாக வெளியேறி, கழுவாத கைகளாலும் அசுத்த நீராலும் பச்சைக் கீரையாலும் இன்னொருவர் வாயிற் புகுந்தால், மூளையிலே பைகளாகத் தங்கி வலிப்பு நோயை உண்டாக்கும். ஆகவே, வாழ்நாளில் ஒரு துண்டு இறைச்சியேனும் தீண்டாதவருக்கும் இந்நோய் வரக்கூடும். மரக்கறி உண்போருக்கென நாம் முன்னர் குறிப்பிட்ட செய்தி இதுவே. கையையும் கீரையையும் கழுவுவது இறைச்சியை வேகவைப்பதற்குக் குறைந்த கடமையன்று.

பயம் மெய்யானது, ஆனால் பயத்துக்கும் ஓர் அளவு உண்டு. இவ்விரு புழுக்களும் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூட்டில் மடிந்துவிடுகின்றன. நீர் கொதிப்பது 100 பாகையில். நம் குசினிகளில் பில்லற்றின் நடுப்பாகம் பெரும்பாலும் 90 பாகையைத் தாண்டிய பின்னரே அடுப்பிலிருந்து இறங்குகின்றது. புழு 60இலே செத்துவிட்டது. அதற்குமேல் செத்துக்கொண்டிருப்பது இறைச்சியே! அமெரிக்க நாட்டின் விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகப் பன்றி இறைச்சிக்கு 71 பாகை என்று விதித்திருந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில், முழுத்துண்டாகச் சமைக்கும் இறைச்சிக்கு 63 பாகையும், அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அவ்விதியை மாற்றிற்று. அரைத்த இறைச்சிக்கு மாத்திரம் 71 பாகை என்பதே இன்றும் விதி. ஏனெனில், அரைக்கும்போது மேற்புறத்துக் கிருமி உட்புறத்துக்குப் போய்விடுகின்றது.

அப்படியாயின் நாமும் 63 பாகையில் இறக்கிவிடலாமா? இங்கே எமது கருத்தை வெளிப்படையாகக் கூறிவிடுகின்றோம். அமெரிக்க விதி, மூடிய கொட்டிலில் தானியத் தீன் கொடுத்து வளர்த்து, அதிகாரிகள் சோதித்து விற்கும் இறைச்சியை மனத்திற் கொண்டு எழுந்தது. நம் நாட்டில் புத்தளம், கம்பகா, கொழும்பு மாவட்டங்களின் கரையோரமே பன்றி வளர்ப்புக்குப் பேர்போனது. அங்கே பெரிய பண்ணைகளும் உண்டு. உணவகங்களின் கழிவுச் சோற்றைக் கொடுத்து வளர்க்கும் சிறு கொட்டில்களும் உண்டு. எது எங்கிருந்து வந்தது என்பதைச் சந்தையிலே கண்டறிவது எளிதன்று. ஆகையால், பண்ணையின் பெயரும் சோதனை முத்திரையும் உள்ள இறைச்சியாயின் 63 பாகையும் ஓய்வும் போதும். மூலம் தெரியாத இறைச்சிக்கும், சிறுபிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர் உண்ணும் இறைச்சிக்கும் பழைய 71 பாகையையே நாம் விதிப்போம். 71இல் இறக்கிய பில்லற் மிருதுவாக இராதோ என்று ஐயுற வேண்டாம். முன்கூட்டியே உப்பிட்டிருந்தால் அது நன்றாகவே இருக்கும். 90இல் இறக்கியதோடு ஒப்பிட்டால் வேறொரு பதார்த்தம் என்றே தோன்றும்.

காட்டுப்பன்றிக்கு இந்தச் சலுகை கிடையாது. வன்னியிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் அதனை விரும்பி உண்போர் உளர். அது எதைத் தின்றது என்பதை அறிந்தவர் ஒருவரும் இலர். வற்றலாக்கினாலும் புகையிலிட்டாலும் உள்ளிருக்கும் புழு சாகும் என்ற உறுதி இல்லை. கறியாக, கொதிக்கக் கொதிக்க, ஆச்சி சொன்னபடியே அவியவிடுங்கள். வளர்ப்புப் பன்றியின் இறைச்சியை மைனஸ் 15 பாகைக் குளிரில் இருபது நாட்கள் உறையவைத்தால் ரிறிக்கினெல்லா மடியும் என்பது மெய்யே. காட்டு விலங்குகளில் காணப்படும் சில இனப் புழுக்களோ அக்குளிரையும் தாங்க வல்லவை.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டிலும் பரவியபோது, இறைச்சியை உண்டால் மனிதருக்கும் அக்காய்ச்சல் வரும் என்ற பேச்சு எழுந்தது. அது பிழை. அந்நோய் பன்றிகளை மாத்திரமே பீடிக்கும். ஆனால் அவற்றைக் கூட்டங்கூட்டமாக மாய்த்துவிடும். பன்றி வளர்ப்போருக்கு வீட்டுக் கழிவுகளைக் கொடுக்கும் வழக்கமுடையோர், பன்றி இறைச்சியின் கழித்த துண்டுகளையும் அது கழுவிய நீரையும் அவற்றோடு சேர்க்காதிருப்பார்களாக. ஓர் ஏழைக் குடும்பத்தின் பிழைப்பு அதனாற் போய்விடக்கூடும்.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

கடையில் வாங்கும்போது இளஞ்சிவப்பு நிறமும், விரலால் அழுத்தினால் மீண்டெழும் இறுக்கமும் உள்ளதைப் பாருங்கள். வெளிறி, நீர் கசிந்து, தொளதொளப்பாக இருப்பது வேண்டாம். அதனை எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும் வறண்டே போகும். வீட்டுக்கு வந்ததும் இறைச்சியைக் கழுவவேண்டும் என்ற எண்ணம் நம் பெண்களைவிட்டு இலேசில் அகலாது. கழுவுவதால் கிருமி போவதில்லை. தொட்டியெங்கும் தெறித்துப் பரவுவதுதான் மிச்சம். சுத்தமான துணியாலோ கடதாசியாலோ ஒற்றித் துடைப்பது போதும்.

துண்டின் பருத்த முனைப்பக்கமாக, வெள்ளி முலாம் பூசினாற்போல மினுங்கும் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அதனை நீக்காமற் சமைப்போரே பெரும்பாலோர். எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அச்சவ்வு கரைவதில்லை. சூடேறியதும் சுருங்கி, துண்டையே வில்லாக வளைத்துவிடும். கூரிய கத்தியின் நுனியைச் சவ்வின் கீழே செருகி, அலகைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, இறைச்சி போகாதபடி நாடாவாக உரித்தெடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒடுங்கிய வால்முனையைக் கீழ்ப்புறமாக மடித்து நூலாற் கட்டிவிட்டால், துண்டு முழுவதும் ஒரே பருமனாகி ஒரே நேரத்தில் வேகும்.

உப்பிடுவதே இச்சமையலின் உயிர். 500 கிராம் இறைச்சிக்குத் தூள் உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 7 கிராம். ஆனையிறவு உப்புப் போன்ற பருமணி உப்பாயின் கரண்டிக் கணக்கு பிழைக்கும். பருமணிகளுக்கிடையே வெற்றிடம் மிகுதியாதலால் அரைத்து அளக்கவும், அல்லது நிறுக்கவும். எல்லாப் பக்கமும் தடவி, மூடாத தட்டிலே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் முதல்நாள் இரவே வைத்துவிடுங்கள். நேரமில்லாதோர் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். முதலில் உப்பு, நீரை வெளியே இழுக்கும். துண்டின் மேல் பனித்துளிபோல நீர் நிற்பதைக் காணலாம். அதைக் கண்டு பதற வேண்டாம். சிறிது நேரத்தில் அந்நீரிலே உப்புக் கரைந்து திரும்பவும் உள்ளே செல்கின்றது. உள்ளே சென்ற உப்பு தசைநாரின் பிணைப்பைத் தளர்த்தி, சூட்டிலே அது தன் நீரைக் கைவிடாதபடி செய்கின்றது. சமைத்து முடித்தபின் மேலே தூவும் உப்பால் நாவுக்கு உப்புச் சுவைதான் கிடைக்கும். இந்த நன்மை கிடைக்காது.

உப்போடு வேறென்ன ஊறவைக்கலாம் என்று கேட்பீர்கள். வினாகிரியிலும் தேசிப்புளியிலும் இரவு முழுதும் ஊறப்போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. இளைய பப்பாசிக்காயை அரைத்துப் பூசுவோரும், அன்னாசிச் சாற்றைப் பிழிவோரும் உளர். கிழட்டு மாட்டிறைச்சிக்குப் பப்பாசி உதவும். பில்லற் தானாகவே மெல்லியது. அதற்கும் பப்பாசி பூசினால் மேற்புறம் களியாகிவிடும். புளிப்பில் நெடுநேரம் ஊறினாலோ மேற்புறம் வெந்ததுபோல வெளுத்து மாவாக உதிரும். கொறுக்காயும் இங்கு வேண்டியதில்லை. அது அறுப்பதற்குரிய கொழுப்பு இங்கே இல்லை. புளிப்பை விலக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அதன் இடம் ஈற்றிலே, சாற்றிலே என்பதே எமது கட்சி.

சரக்குகளுக்கும் இவ்வாறே ஒழுங்கு உண்டு. அரைத்த உள்ளியையும் இஞ்சியையும் கறித்தூளையும் பூசிவிட்டுத் தாச்சியிற் போட்டால், இறைச்சி சிவக்கும் முன்னரே அவை கருகிக் கசந்துவிடும். முதலிற் பூசத்தக்கவை காய்ந்த, பருக்கென்ற சரக்குகளே. ஒன்றரைத் தேக்கரண்டி மிளகை அம்மியில் ஒன்றிரண்டாக இடித்து, ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகத்தை இலேசாக வறுத்துப் பொடித்து, சிறுவிரல் நகமளவு கறுவாவையும் பொடித்துச் சேர்த்து, அதிற் பாதியைச் சமைப்பதற்குச் சற்று முன்னர் துண்டின்மேல் ஒட்டவைக்கவும். மறுபாதியைச் சாற்றுக்கு வைத்துக்கொள்ளவும். கறுவா நம் நாட்டின் மெல்லிய சுருள் பட்டையாக இருக்கட்டும்; தடித்த பட்டையின் காரம் இந்த மெல்லிய இறைச்சியை அடக்கிவிடும்.

அரை மணி நேரத்துக்கு முன்னர் துண்டை வெளியே எடுத்து வைத்து, மேல் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடவும். ஈரமான இறைச்சி அவியுமேயன்றிச் சிவக்காது. அடி தடித்த தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் துண்டை இட்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிடமாக நான்கு பக்கமும் சிவக்க விடவும். இட்டவுடன் அகப்பையாற் கிண்டிக் கிளறுவது கூடாது. தானாகச் சிவந்தால் தானாகவே தாச்சியை விட்டுக் கழரும். பின்னர் நெருப்பைக் குறைத்து, மூடியிட்டு, எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம். இடையில் ஒருமுறை புரட்டினாற் போதும். போறணை உள்ள வீட்டார் சிவந்த துண்டை 200 பாகைச் சூட்டில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வைக்கலாம். ருசியில் பெரிய வேறுபாடு இல்லை. நாம் தாச்சியையே விரும்புகின்றோம், சாறு அதிலே தங்குவதால்.

மூடியிட்டு ஆறாவது நிமிடத்திலிருந்து வெப்பமானியைத் துண்டின் மிகப் பருத்த இடத்தில், நடுவிலே குத்திப் பார்க்கத் தொடங்குங்கள். மூலம் தெரிந்த இறைச்சியாயின் 63 பாகை காட்டியதும் இறக்கலாம். 71 வேண்டுவோர் 68இல் இறக்கவும். இறக்கிய பின்னரும் மேற்புறத்துச் சூடு உள்ளே சென்றுகொண்டிருப்பதால் மூன்று பாகை வரை ஏறும். ஏறிற்றா என்று திரும்பவும் குத்திப் பார்த்து, ஏறவில்லையெனின் ஒரு நிமிடம் திரும்ப அடுப்பில் வைக்கவும். இறைச்சி வெப்பமானி ஆடம்பரப் பொருளன்று. இரண்டு பில்லற் பாழாகாமற் போனாலே அதன் விலை மீண்டுவிடும். நிறத்தை நம்பி நடப்பது எவ்வகையிலும் பாதுகாப்பன்று. நன்கு வெந்தும் சிவந்து நிற்பதுண்டு, வேகாமல் வெளுத்து நிற்பதுமுண்டு. வெப்பமானி இல்லாதவர்கள் துண்டை முழுதாகச் சமையாமல் இரண்டு விரற்கடைப் பருமனுள்ள வட்டங்களாக வெட்டி, பக்கத்துக்கு நான்கு நிமிடம் பொரித்து, ஒன்றை வெட்டி நடுவிற் சிவப்பில்லை என்று கண்டபின் இறக்குவது நல்லது. சற்று இறுகும், ஆயினும் தும்பாகாது.

இறக்கியவுடன் வெட்டாதீர்கள். பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றாலும் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். சூட்டோடு வெட்டினால் சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும்.

அந்த ஐந்து நிமிடமும் வீண்போவதில்லை. அதே தாச்சியில், ஒட்டியிருக்கும் சிவந்த கறையைக் கழுவிவிடாமல், சின்ன வெங்காயம் பத்தும், நான்கு பல்லு உள்ளியும், ஒரு சிறு துண்டு இஞ்சியும் மெல்லியதாக அரிந்து போடவும். செத்தல் மிளகாய் இரண்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை. வெங்காயம் வதங்கியதும் எடுத்துவைத்த மிளகுப் பொடியையும், அரைத் தேக்கரண்டி வறுத்த கறித்தூளையும் தூவி ஒரு முறை புரட்டி, உடனே தென்னங்கள்ளு வினாகிரி இரண்டு மேசைக்கரண்டியும் அரைக் கோப்பைத் தண்ணீரும் விட்டு, அடியிலுள்ள கறையைச் சுரண்டிக் கரைக்கவும். பனங்கட்டி, பாக்களவு. சாறு பாதியாக வற்றியதும், இறைச்சி வைத்த தட்டில் ஊறி நிற்கும் நீரையும் இதிலே சேர்த்து ஒரு கொதி கொதிக்கவிட்டு இறக்கவும். உப்பை இப்போது பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வேண்டியிராது. சீனியைவிடப் பனங்கட்டியே இதற்குச் சாலச் சிறந்தது. அதன் இலேசான உவர்ப்பு வினாகிரியோடு இணங்கி நிற்கும்.

வினாகிரி, குசினி, தாச்சி, போறணை ஆகிய நான்கு சொற்களும் இக்கட்டுரையிற் பல இடங்களில் வந்துவிட்டன. நான்கும் போர்த்துக்கேயச் சொற்களின் வழி வந்தவை. 1505ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு இருந்து, போகும்போது கோட்டைகளை ஒல்லாந்தருக்கும் சொற்களை நம் அடுப்படிக்கும் விட்டுப்போயினர். இறைச்சியை வைன் புளிப்பிலும் உள்ளியிலும் ஊறவைக்கும் அவர்களது முறையே கோவாவிலே விந்தாலு என்று பெயர் மாறிற்று. நாம் மேலே கூறிய சாறு அதன் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

துண்டுகளை நாருக்குக் குறுக்காக, அரை விரற்கடைப் பருமனாக அரிந்து, சாற்றை மேலே ஊற்றாமல் அடியில் ஊற்றிப் பரிமாறுவது அழகு. சோற்றுடன் உண்பதாயின் பருப்பும் ஒரு பச்சைச் சம்பலும் போதும். இடியப்பத்துக்கு இது ஏற்றதன்று. இடியப்பம் கேட்பது குழம்பு. ரோஸ் பாணுடன் மிக நன்று. 500 கிராம் நால்வருக்குக் காணும். அடுப்பு எரிவது மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேற்படாது. 2022ஆம் ஆண்டில் எரிவாயுச் சிலிண்டருக்காக வெயிலில் வரிசை நின்ற குடும்பங்களுக்கு இக்கணக்கின் அருமை சொல்லாமலே விளங்கும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியுள் வைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் அதுவும் கூடுதல், ஒரு மணி நேரம் என்று கொள்க. திரும்பவும் சூடாக்கினால் இத்தனை பாடுபட்டுக் காத்த ஈரம் போய்விடும். ஆகையால், மறுநாள் குளிராகவே மெல்லிய தாளாக அரிந்து, பாணுக்கு நடுவே கடுகுக் கூழும் வெள்ளரிக்காயும் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலிருந்து வந்ததும் கொடுக்கலாம். பாடசாலைக்குக் கட்டிக் கொடுக்க வேண்டாம். புத்தகப் பையின் சூட்டில் ஐந்து மணி நேரம் கிடக்கும் இறைச்சிக்கு நாம் பொறுப்பேற்கமாட்டோம். சவ்வோடு உரிந்துபோன சிறு துணுக்குகளைச் சேர்த்து வைத்திருந்தால், அவற்றைப் பொடியாக அரிந்து, மிளகும் வெங்காயமும் கூட்டி நன்றாக மொறுகப் பொரித்தெடுங்கள். அன்றிரவுக் கஞ்சிக்கு அது போதும்.